நோயாளியிடம் கையெழுத்து வாங்குவது தாதியின் வேலையா?

வாட்டுத்தாதி

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரச ஆஸ்பத்திரியில், பெண்நோயியல் வாட்டில் வேலை செய்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. நான் கேட்கப்போவது எந்த வாட்டிலும் நடப்பதுதான்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் லிஸ்ட் வரும். கூடவே, "மிஸ்ஸி, நாளைக்கு இருக்கிற ஆக்களிட்ட சைன் எடுத்து வையுங்க" என்ற சொல்லும் வரும். படிவத்தைக் கட்டிலடிக்குக் கொண்டுபோய், இங்கே கையெழுத்து, இங்கே திகதி என்று விரலால் காட்டி வாங்கிவிட்டு, சாட்சி என்ற இடத்தில் நாங்கள் பெயரைப் போடுவது வழக்கமாகிவிட்டது.

அண்மையில் ஒரு அம்மா வந்திருந்தார். கர்ப்பப்பையில் கட்டி. படிவம் முதல் நாளே கையெழுத்தாகி ரிக்கெட்டோடு (நோயாளியின் குறிப்புகள் எழுதும் ஏடு) இருந்தது. காலையில் தியேட்டருக்கு அனுப்புவதற்காக நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு காப்பு இறங்கவில்லை. சவர்க்காரம் போட்டு மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது, "மகள், கட்டிய மட்டும்தானே எடுக்கிறாங்க? பை இருக்கும்தானே?" என்று கேட்டார். படிவத்தில் எழுதியிருந்தது கர்ப்பப்பையை முழுவதுமாக அகற்றுவது.

நான் தியேட்டருக்கு அனுப்பவில்லை, டொக்டருக்கு அறிவித்தேன். அவர் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்து பேசினார். பல கட்டிகள் இருப்பதை, கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரக்கூடும் என்பதை, சூலகத்தை எடுக்கப்போவதில்லை என்பதை எல்லாம் சொன்னார். வீட்டுக்காரரோடும் மூத்த மகளோடும் கதைக்க வேண்டும் என்றார் அம்மா. அன்று நடக்கவில்லை. பிறகு ஒரு லிஸ்ட்டில் தானே விரும்பிச் செய்துகொண்டு போனார்.

லிஸ்ட் குழம்பியதற்கு எனக்கு ஏச்சு விழுந்தது. கையெழுத்து வைத்த ஆளிடம் ஏன் திரும்பக் கதை கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை நிமிர்ந்து பதில் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும். சாட்சி என்று நான் போடும் கையெழுத்து எதற்குச் சாட்சி? விளங்காமல் ஒருவர் கையெழுத்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் நிறுத்த எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லை அது கடமையா?


ஓய்வுபெற்ற சிஸ்டர், உப்புவெளி

தங்கச்சி, கடமை. உரிமையைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

சாட்சிக் கையெழுத்தை முதலில் பார்ப்போம். இந்த ஆள்தான் என் கண்முன்னே கையெழுத்து வைத்தார், நிதானத்தோடு இருந்தார், யாரும் வற்புறுத்தவில்லை. இவ்வளவுக்குத்தான் நீங்கள் சாட்சி. "நான் விளக்கினேன்" என்று அதற்குப் பொருள் இல்லை. என்ன செய்யப்போகிறோம், ஏன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எல்லாம் சொல்ல வேண்டியவர் கத்தி பிடிக்கிறவர், அல்லது அந்தச் சிகிச்சையை நன்றாக அறிந்த, அவர் அனுப்புகிற டொக்டர். அந்த வேலையைத் தாதியின் தலையில் கட்டக்கூடாது, தாதியும் வாங்கிக்கொள்ளக்கூடாது. குடலை வெட்டித் தைத்த இடம் கசிந்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு நோயாளி கேட்டால், உங்களால் எந்த அளவுக்குப் பதில் சொல்ல முடியும்? தெரிந்த அளவைச் சொல்லி அவருடைய மனதை ஆற்றிவிட்டால், உரியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே அமுங்கிப்போகும்.

அப்படியென்றால் தாதிக்கு என்ன வேலை? அதிகம் இருக்கிறது. டொக்டர் சொன்னது நோயாளியின் மனதில் எப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. அதை வேறு யாரும் பார்க்க முடியாது, ஏனென்றால் வேறு யாரும் அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை. டொக்டர் வந்து நிற்கும்போது நோயாளி தலையாட்டுவார். "விளங்கினதா?" என்றால் "ஓம் ஐயா" என்பார். அவர் போனபிறகு ஊசி போடும்போது, தலைவாரிக் கட்டும்போது, உங்களுக்கு நடந்ததுபோலக் காப்புக் கழற்றும்போதுதான் மனதில் கிடந்தது வாய்க்கு வரும்.

நான் வாட்டில் இருந்த காலத்தில் என் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தது, "விளங்கினதா" என்று கேட்காதீர்கள். "டொக்டர் உங்களிட்ட என்ன சொன்னவர்? நாளைக்கு என்ன செய்யப்போறாங்க? உங்கட பாட்டில சொல்லுங்க பார்ப்பம்" என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதைக்கும் படிவத்தில் இருப்பதற்கும் பொருத்தம் இல்லாவிட்டால் டொக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். கண்ணாடி இல்லாமல் வந்தவரிடம் படிவத்தை நீட்டாதீர்கள். காது கேளாதவரிடம் கட்டில் கால்மாட்டில் நின்று கத்தாதீர்கள். மயக்கமருந்துக்கு முன் கொடுக்கும் அமைதி மருந்து, மிடசோலம்போல, கொடுத்தபிறகு கையெழுத்து வாங்கவே வாங்காதீர்கள். அந்த நிலையில் ஆள் எதற்கும் சம்மதிப்பார், பிறகு நினைவிலும் இருக்காது. நோவுக்கு மோர்பின் அல்லது பெத்திடின் போட்டுக் கண் செருகிக் கிடக்கும்போதும் அப்படித்தான்.

அப்புறம் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் தியேட்டரில் இருக்கும். மயக்கம் கொடுக்க முன் முதல் கேள்வியே, நோயாளி தன் பெயரை, ஒப்பரேஷனை, செய்யும் இடத்தை, சம்மதத்தை உறுதிப்படுத்தினாரா என்பதுதான். அந்த நேரத்தில் குறைந்தது தாதியும் மயக்கமருந்து கொடுப்பவரும் இருக்க வேண்டும். தியேட்டர் வாசலில் அதைக் கேட்கலாம் என்றால் வாட்டில் கேட்டது எப்படிப் பிழையாகும்?


மூதூர்க்காரன்

நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை. வாசித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

என் அப்பாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். காலில் புண் வந்து ஒரு ஆஸ்பத்திரியில் விட்டோம். புண்ணைச் சுத்தம் செய்யப்போகிறார்கள் என்று சொல்லிப் படிவம் தந்தார்கள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். நல்ல நினைவோடு, பேப்பர் வாசிக்கிற மனுசன். ஆனால் கையெழுத்தை என்னிடம் வாங்கினார்கள். "மகன்தானே, நீங்க வையுங்க." ஒப்பரேஷன் முடிந்து கட்டுப் போட்டபடி வந்தார். அடுத்த நாள் மருந்து கட்டும்போதுதான் பெருவிரலும் அதற்கடுத்த விரலும் இல்லை என்று அப்பாவுக்கே தெரிந்தது. தேவைப்பட்டால் விரலும் எடுக்கப்படும் என்று படிவத்தில் இருந்ததாம்.

விரலை எடுத்தது பிழை என்று நான் சொல்லவில்லை. எடுக்காவிட்டால் கால் போயிருக்கும் என்று பிறகு வேறொரு டொக்டர் விளங்கப்படுத்தினார். அப்பாவும் அதை ஏற்றுக்கொண்டார். அவருக்கு ஆறாதது வேறு. "என்ட விரல், என்னட்ட ஒரு சொல் கேக்கல்லயே" என்று இப்பவும் சொல்லுவார். அந்த வாட்டில் மிஸ்ஸிமார் அப்பாவை அன்பாகத்தான் பார்த்தார்கள், குறை சொல்ல முடியாது. அதில் ஒருவராவது, "ஐயா, விரலும் எடுக்க வேண்டி வரலாமாம், டொக்டர் சொன்னவரா?" என்று கேட்டிருந்தால் போதும்.

சுயநினைவோடு இருக்கிறவருக்குப் பதிலாக மகன் கையெழுத்து வைத்தால் செல்லுமா?


ஓய்வுபெற்ற சிஸ்டர், உப்புவெளி

தம்பி, செல்லாது. உங்கள் அப்பா நிதானமாக இருந்தார் என்றால் அவருடைய கையெழுத்துத்தான் கையெழுத்து. பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்கலாம், யோசனை சொல்லலாம். அப்பா சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்ல முடியாது. சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறைந்துபோவதால் விரல் கறுத்து அழுகினாலும் நோகாது. அதனால்தான் "நோவே இல்லையே, ஏன் எடுக்க வேணும்" என்று அவர்களுக்குத் தோன்றும். மற்ற நோயாளிகளைவிட அவர்களுக்குத்தான் அதிக நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும்.


வாட்டு டொக்டர்

நானும் இந்த மாவட்டத்தில்தான் வேலை செய்கிறேன். எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

காலையில் வாட்டு ரவுண்ட், பிறகு கிளினிக், இடையில் அவசர நோயாளி, பின்னேரம் ரிப்போர்ட் பார்ப்பது. இதற்குள் நாளைய லிஸ்ட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கதிரை போட்டு உட்கார்ந்து பேசு என்றால் நேரம் எங்கே? சோம்பலால் தாதியிடம் படிவத்தைக் கொடுக்கிறோம் என்று நினைக்காதீர்கள். கிளினிக்கில் பெரிய டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அது நடக்கிறது.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். ஒரே ஒப்பரேஷனைப் பற்றி டொக்டர் ஒன்றும் தாதி ஒன்றும் சொன்னால் நோயாளி குழம்புவார். ஹேர்னியா (குடலிறக்கம்) ஒப்பரேஷனுக்கு வந்த ஒருவரிடம் ஒரு தாதி நல்லெண்ணத்தோடு ஏதோ சொல்லப்போக, அவர் இனிப் பிள்ளை பிறக்காது என்று பயந்து இரவோடு இரவாக வாட்டை விட்டுப் போனது எனக்குத் தெரியும். ஆகவே, நோயாளிக்கு விளங்கவில்லை என்று என்னிடம் சொல்லுங்கள், நான் வருகிறேன். நீங்களே ஆபத்துகளை விளக்காதீர்கள்.


ஓய்வுபெற்ற சிஸ்டர், உப்புவெளி

டொக்டர், கடைசி வரியில் நாம் இரண்டு பேரும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் வருவீர்கள் என்ற நம்பிக்கை வாட்டில் இருக்க வேண்டும். கூப்பிட்டதற்கு ஏச்சு வாங்கிய தாதி அடுத்த முறை கூப்பிடமாட்டாள். இந்த இழையே அப்படி ஒரு ஏச்சில்தான் தொடங்கியது.

நேரம் பற்றி ஒன்று. முதல் நாள் இரவில் கையெழுத்து வாங்குவதே தவறான நேரம் என்பது என் எண்ணம். வெருகலில் இருந்தோ புல்மோட்டையில் இருந்தோ வந்தவருடைய ஆட்கள் பார்வையாளர் நேரம் முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் படிவம் வருகிறது. கேட்க ஆள் இல்லை, யோசிக்க நேரம் இல்லை, காலையில் தியேட்டர். அந்த நிலையில் "இல்லை" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? கிளினிக்கில் திகதி கொடுக்கும் அன்றே பேசி, வீட்டுக்குப் போய் யோசிக்கவிட்டு, வாட்டுக்கு வந்தபின் திரும்ப ஒருதடவை உறுதிப்படுத்தினால் இந்தச் சிக்கலில் பாதி இருக்காது.


வாட்டு டொக்டர்

கிளினிக் விஷயத்தில் நூறு வீதம் உடன்படுகிறேன். எங்கள் யூனிட்டில் கேட்டுப் பார்க்கிறேன்.


சட்டம் படிப்பவள்

இந்த இழையைத் தொடங்கிய அக்காவுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். சம்மதம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் வழக்கு அது. ஆனால் அதற்குள் ஒரு தாதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நியூயோர்க்கில் 1914இல் தீர்ப்பான ஷ்லொண்டோர்ஃப் வழக்கு. வயிற்று நோவோடு ஆஸ்பத்திரிக்குப் போன பெண்ணுக்குக் கட்டி இருப்பதாகக் கண்டார்கள். மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்தார், ஒப்பரேஷன் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மயக்கத்தில் இருக்கும்போது கட்டியை எடுத்துவிட்டார்கள். வயது வந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொருவருக்கும் தன் உடலில் என்ன செய்யலாம் என்று முடிவு செய்ய உரிமை உண்டு, சம்மதமில்லாமல் கத்தி வைப்பது தாக்குதல் என்று நீதிபதி கார்டோசோ எழுதியது அந்தத் தீர்ப்பில்தான்.

தாதி எங்கே வருகிறார்? ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இரவு, தனக்கு ஏதோ ஆயத்தம் செய்கிறார்கள் என்று கண்ட அந்தப் பெண், ஒப்பரேஷன் வேண்டாம் என்பதை இரவுத் தாதியிடம் சொன்னார். அந்தப் பேச்சு டொக்டரிடம் போகவில்லை. தாதியிடம் சொன்னது ஆஸ்பத்திரிக்குச் சொன்னதாகுமா என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. இல்லை, அந்தத் தாதி சந்தேகப்படக் காரணம் இருக்கவில்லை என்று முடிவு செய்தது. ஆஸ்பத்திரி தப்பியது. அந்தப் பெண்ணுக்கு ஒப்பரேஷனுக்குப் பின் கையில் அழுகல் ஏற்பட்டு விரல்களும் போயின.

அன்றைக்குத் தாதி என்றால் சொன்னதைச் செய்பவர் என்ற நினைப்பு. இன்று அப்படி ஒரு தாதி "எனக்குச் சந்தேகம் வரவில்லை" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. சர்வதேசத் தாதியர் பேரவை 1953இல் முதல்முதல் ஏற்றுக்கொண்டு 2021இல் திருத்திய ஒழுக்கக் கோவை, நோயாளி சம்மதிக்க முன் விளங்கக்கூடிய, சரியான, போதிய தகவல் உரிய நேரத்தில் அவருக்குக் கிடைப்பதைத் தாதியின் பொறுப்பில் வைக்கிறது. தானே விளக்க வேண்டும் என்பதில்லை, கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். அக்கா செய்தது அதைத்தான்.

கர்ப்பப்பை விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் சமீரா கோலி வழக்கு, 2008. 44 வயதுப் பெண். உள்ளே கமெரா விட்டுப் பார்க்க மட்டும் மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே நின்ற தாயிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சூலகங்களையும் அகற்றினார்கள். நோயைக் கண்டறியத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது, வயது வந்த ஒருவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காகத் தாயின் கையெழுத்து அவருடைய கையெழுத்து ஆகாது, உயிரைக் காக்க உடனே செய்ய வேண்டியது மட்டுமே விதிவிலக்கு என்று நீதிமன்றம் சொன்னது. மூதூர் அண்ணா கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது.

பிறகு 2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் மொன்ட்கொமரி தீர்ப்பு. அதுவும் சீனி வருத்தம் உள்ள ஒரு கர்ப்பிணிக்கு, பிள்ளையின் தோள் சிக்கக்கூடிய ஆபத்தைச் சொல்லாமல் விட்ட வழக்கு. நோயாளிக்கு விளங்காத தொழில்நுட்பத் தகவலை அள்ளிக் கொட்டுவதால் டொக்டரின் கடமை தீராது, வழமைபோலப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பதால் தீரவே தீராது என்ற கருத்து அதில் உண்டு.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயம் எந்தப் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது என்று தெரிகிறதல்லவா?


கிண்ணியா தாதி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் ஊரில் இந்த விஷயம் இன்னும் இரண்டு இடத்தில் முறுகும்.

ஒன்று, வீட்டு ஆண்கள். ஒரு பெண்ணிடம் சீசர் செய்வது பற்றிக் கேட்டால், "அவர் வரட்டும், அவரிட்ட கேளுங்க" என்பார். அதை அடிமைத்தனம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பலருக்கு அது விருப்பம். கணவரோடு, வாப்பாவோடு பேசித்தான் எதையும் முடிவெடுத்து வளர்ந்திருக்கிறார்கள். அப்படிப் பேச வசதி செய்துகொடுப்பதும் எங்கள் வேலை. ஆனால் அந்தப் பெண்ணோடு தனியாக ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். திரையை இழுத்துவிட்டு, "ராத்தா, உங்களுக்கு மனசுக்குப் பிடிச்சிருக்கா? யாரும் கட்டாயப்படுத்துறாங்களா?" என்று கேட்க வேண்டும். பிள்ளைப்பேறை நிரந்தரமாக நிறுத்தும் ஒப்பரேஷன் என்றால் இதைக் கேட்காமல் விடவே கூடாது. கணவர் பக்கத்தில் நிற்கும்போது "ஓம்" என்றவர், திரைக்குள் "எனக்கு இன்னொரு பிள்ளை வேணும் மிஸ்ஸி" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவசர சீசருக்கு இவ்வளவு நேரம் இருக்காது. அதனால்தான் கிளினிக்குக்கு வரும் மாதங்களிலேயே சீசர் என்றால் என்ன, எப்போது தேவைப்படும் என்று சொல்லிவைக்கச் சொல்கிறேன். நோவு எடுத்துக் கத்திக்கொண்டிருக்கும்போது முதல் முறையாகக் கேள்விப்படக்கூடாது.

மற்றது மொழி. இங்கே வரும் டொக்டர்மாரில் தமிழ் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். கந்தளாய், சேருவில பக்கமிருந்து வரும் சிங்கள நோயாளிக்கு நாங்கள் சிலர் பேசுவது விளங்காது. இரண்டு பக்கமும் ஒரே கஷ்டம்தான். அப்போது என்ன நடக்கிறது? பக்கத்துக் கட்டில் ஆளைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்கிறோம், இல்லாவிட்டால் வந்திருக்கும் சின்னப் பிள்ளையை. மார்பில் கட்டி என்று ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டியதைப் பாடசாலை போகும் மகனின் வாயால் சொல்லவைப்பது எவ்வளவு கொடுமை! பிள்ளை பாதியை விழுங்கும், தாயும் கேட்க வேண்டியதைக் கேட்கமாட்டார். பக்கத்துக் கட்டில்காரர் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. கிழக்கில் ஒரு தமிழ் பேசும் நோயாளி தன் மொழியில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. வாட்டில் இரண்டு மொழியும் தெரிந்த தாதி இருந்தால் அவரையே கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்ட தாதி டொக்டர் சொன்னதை முழுதாகச் சொல்ல வேண்டும். சுருக்கக்கூடாது, "பயப்பட ஒண்டுமில்ல" என்று தன் பாட்டில் சேர்க்கவும் கூடாது. நோயாளி திரும்பக் கேட்டதையும் அப்படியே டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அப்புறம், யார் மொழிபெயர்த்தார் என்று ரிக்கெட்டில் எழுத வேண்டும்.


தாதிய மாணவி

சின்னக் கேள்வி. கனுலா (நாளத்தில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போடுவதற்கும், சிறுநீர்க் குழாய் போடுவதற்கும் சம்மதம் வேண்டுமா? வாட்டில் எல்லாரும் நேரே போய்க் கையைப் பிடித்துவிடுகிறார்கள்.


ஓய்வுபெற்ற சிஸ்டர், உப்புவெளி

வேண்டும் மகள். படிவம் தேவையில்லை, வாய்வார்த்தை போதும். இது முழுக்க முழுக்க எங்கள் கையில் இருக்கும் சம்மதம், டொக்டரைத் தேட வேண்டியதில்லை. என்ன போடப்போகிறேன், எதற்கு, எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். அவர் கையை நீட்டினால் அதுவே சம்மதம். கையை இழுத்தால் நிறுத்துங்கள். சிறுநீர்க் குழாய் என்றால் திரையை இழுத்தபின் கேளுங்கள், எல்லாருக்கும் முன்னால் அல்ல. நீங்கள் மாணவி என்பதையும் சொல்லுங்கள். "நான் படிக்கிற பிள்ளை, சிஸ்டர் பக்கத்தில நிக்கிறா, நான் போடலாமா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் "போடு மகள்" என்றுதான் சொல்வார்கள். வேண்டாம் என்றால் முகம் கோணாமல் விலகி நில்லுங்கள்.


நிலாவெளி மாமா

எல்லாரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள். நான் ஒன்று சொல்கிறேன். என் தாயாருக்குப் பித்தப்பையில் கல். ஒரு டொக்டர் எல்லா ஆபத்தையும் வரிசையாகச் சொன்னார். மயக்கத்தில் இதயம் நிற்கலாம், ரத்தம் போகலாம், கிருமி தொற்றலாம் என்று. அம்மா அன்றே வீட்டுக்கு வந்துவிட்டா. பிறகு சீழ் பிடித்து, காய்ச்சலோடு அவசரமாகத்தான் செய்ய வேண்டி வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் முதலே நல்லபடியாக முடிந்திருக்கும். வயதானவர்களுக்குச் சிலதை மறைப்பதுதான் அன்பு.


கிண்ணியா தாதி

மாமா, உங்கள் அம்மா பட்ட கஷ்டம் விளங்குகிறது. ஆனால் அவருக்குச் சொன்னது கூடிப்போகவில்லை, குறைந்துபோனது. ஒப்பரேஷனால் வரக்கூடியதை எல்லாம் சொன்னார்கள். செய்யாவிட்டால் வரக்கூடியதை, அந்தச் சீழையும் காய்ச்சலையும், அதே அளவுக்குச் சொன்னார்களா? இதயம் நிற்பது எவ்வளவு அபூர்வம், கல் திரும்பத் தொல்லை தருவது எவ்வளவு சாதாரணம் என்று வித்தியாசம் காட்டினார்களா? இரண்டு பக்கத்தையும் வைத்துச் சொல்லியிருந்தால் அம்மாவே வேறு முடிவு எடுத்திருக்கலாம். மறைத்து அழைத்துப்போய்ச் செய்து ஏதும் பிசகினால், அதன்பிறகு அந்தக் குடும்பம் எந்த ஆஸ்பத்திரியையும் நம்பாது.


ஓய்வுபெற்ற சிஸ்டர், உப்புவெளி

அத்தோடு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு நோயாளி வாட்டை விட்டுப் போகிறார் என்றால் அந்த நேரத்தில் தாதியின் முகம் முக்கியம். கோபத்தோடு "கையெழுத்து வச்சிட்டுப் போங்க, இனி வரவேணாம்" என்று அனுப்பினால் காய்ச்சல் வந்தாலும் வரமாட்டார். "யோசிச்சுப் பாருங்க அம்மா. காய்ச்சல், குளிர், கண் மஞ்சளாகிறது எது வந்தாலும் உடனே வாங்க, 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசு இல்ல" என்று அனுப்பிப் பாருங்கள். நிலாவெளித் தம்பி, உங்கள் தாயாருக்கு யாராவது அப்படிச் சொல்லி அனுப்பினார்களா?


நிலாவெளி மாமா

இல்லை. அப்படி யாரும் சொல்லவில்லை.


வாட்டுத்தாதி

எல்லாருக்கும் நன்றி. ஏச்சு வாங்கிய நாளில் இருந்து மனதில் இருந்த பாரம் இறங்கியது. இன்னும் ஒன்று மட்டும். நோயாளிக்கு விளங்கவில்லை என்று டொக்டரிடம் சொன்னேன் என்பதை எங்கே, எப்படி எழுதுவது? வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். அவர் வரவில்லை என்றால் என்ன செய்வது?


ஓய்வுபெற்ற சிஸ்டர், உப்புவெளி

ரிக்கெட்டில், தாதியர் குறிப்பில் எழுதுங்கள். உங்கள் அபிப்பிராயத்தை எழுதாதீர்கள், நோயாளி சொன்னதை எழுதுங்கள். "நோயாளிக்கு விளக்கம் போதாது" என்று எழுதினால் அது டொக்டரோடு சண்டை. "கட்டியை மட்டும் எடுப்பார்கள், கர்ப்பப்பை இருக்கும் என்று நோயாளி நினைக்கிறார். காலை 6.40க்கு இன்ன டொக்டருக்குத் தொலைபேசியில் அறிவிக்கப்பட்டது. அவர் வந்து விளக்கும்வரை தியேட்டருக்கு அனுப்பப்படவில்லை" என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. டொக்டர் வந்து பேசியபின் அந்த நேரத்தையும், நோயாளி தன் வாயால் திரும்பச் சொன்னதையும் எழுதுங்கள்.

வராவிட்டால் வாட் சிஸ்டரிடம் சொல்லுங்கள். அவர் பெரிய டொக்டரோடு பேசட்டும். அதுவும் நடக்காமல் தியேட்டரில் இருந்து ஆளைக் கேட்டால், அங்கே இருக்கும் தாதிக்கும் மயக்கமருந்து டொக்டருக்கும் நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கள். சம்மதம் குழப்பமாக இருக்கிறது என்று காதில் விழுந்தபின் எந்த மயக்கமருந்து டொக்டரும் ஊசியைத் தொடமாட்டார்.

உயிர் போகிற அவசரத்தில், சம்மதம் சொல்லும் நிலையில் ஆள் இல்லை என்றால் இது எதுவும் பொருந்தாது, ஓடுங்கள். விபத்தில் நினைவில்லாமல் வந்தவரிடம் கையெழுத்துக்காகக் காத்திருக்க முடியாது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் தாய் தகப்பன் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லாமல் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எழுதத் தெரியாதவர் என்றால் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டி, அவரைத் திரும்பச் சொல்லவைத்து, அதன்பிறகு பெருவிரல் அடையாளம். மையை முதலில் பூசிவிட்டு வாசிக்கத் தொடங்காதீர்கள்.


வாட்டு டொக்டர்

சிஸ்டர் எழுதிய குறிப்பு முறையை என் வாட்டில் காட்டப்போகிறேன். "நோயாளி இப்படி நினைக்கிறார்" என்று ஒரு வரி ரிக்கெட்டில் இருந்தால் எனக்கு உதவி, எங்கே இருந்து பேசத் தொடங்குவது என்று தெரியும். ஆபத்துகளை விளக்குவது டொக்டரின் வேலை என்பதில் மாற்றமில்லை. ஆனால் கையெழுத்து மட்டும் எடுத்து வையுங்க என்று இனிச் சொல்வதில்லை. படிவத்தை நானே கொண்டுபோகிறேன், முடிந்தால் ஒரு தாதி பக்கத்தில் நின்று கேட்கட்டும். அப்போது இரண்டு கதை வராது.


மூதூர்க்காரன்

டொக்டர், சிஸ்டர், அப்பாவின் மற்றக் காலிலும் இப்போது ஒரு புண். வருகிற கிழமை கிளினிக். எதைக் கேட்க வேண்டும் என்று சொல்வீர்களா? இந்த முறை அப்பாவையே கேட்கச் சொல்லப்போகிறேன்.


வாட்டு டொக்டர்

கால், விரல் எதையாவது எடுக்க வேண்டி வருமா, எந்த இடம் வரை என்று கேட்கச் சொல்லுங்கள். மருந்தும் கட்டும் மட்டும் வைத்துக் கொஞ்ச நாள் பார்க்க முடியுமா, பார்த்தால் என்ன ஆபத்து என்றும் கேட்கலாம். காலுக்கு ரத்தம் போகிறதா என்று சோதித்தார்களா என்பது கட்டாயம். தியேட்டருக்குள் போனபின் முதலில் சொன்னதைவிட அதிகமாக எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்ய அப்பா விரும்புகிறார் என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லட்டும், அதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். விரல் எடுக்க முதுகில் ஊசி போட்டு, அல்லது கால் பக்கத்தை மட்டும் மரக்கச் செய்தும் முடியும், ஆகவே மயக்கம் எப்படி என்பதையும் கேளுங்கள். பழைய ரிக்கெட் அட்டை, கிளினிக் கொப்பி, கடைசியாகப் பார்த்த சீனி ரிப்போர்ட், குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். அப்பாவின் வாசிப்புக் கண்ணாடியையும்.